சோதித்துப் பார்க்க முடியாத பிஸ்டலை எப்படி நம்புவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல். காட்டோரத்தில் வீடு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய்வந்த இரவு வீட்டை உடைத்துத் தண்ணீர்ப் பம்பையும் அடகு மீட்டு வைத்திருந்த காப்புச் சோடியையும் கொண்டுபோய்விட்டார்கள். ஆனியில் ஒருநாள் நாய் குரைக்க எழும்பிப் பார்த்தால் வேலியோரம் இரண்டு பேர். வீட்டில் நானும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். தெரிந்த ஒருவர் சீனப் பிஸ்டல் ஒன்று மலிவாக இருக்கிறது, ஆறு ரவையும் தருகிறேன் என்கிறார். ஹூஸ்டனில் இருக்கும் அக்காவின் மகன் தான் 250 டொலருக்கு வாங்கிய பிஸ்டலால் ஒரு பெட்டி, 50 ரவை, அடித்துக் காட்டி, "மாமா, மலிவென்று பயப்பட வேண்டாம், ஒருக்காலும் இறுகவில்லை" என்று வீடியோ அனுப்பினான். மலிவான பிஸ்டலை நம்பலாமா? எப்படிச் சோதிப்பது? நெடுங்கேணியில் மாமனாரிடம் அனுமதியுள்ள பழைய ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது, ஆனால் மூன்று வருடமாக வெடிக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரரோ, கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்குக் கட்டச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு இருட்டில் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் எனக்கு விளங்குகிறது. பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் 27 வருடம் துவக்குகளைக் கழற்றிப் பூட்டியவன் நான். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அந்தச் சீனப் பிஸ்டல் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிட்டு, ஏன் என்று கீழே விளக்குகிறேன். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நாளைக்கு இன்னொருவர் வந்து உங்கள் மனதை மாற்றிவிடுவார்.

ஒரு துவக்கை நம்பலாமா என்று கேட்டால் எல்லாரும் நினைப்பது, விசையை இழுத்தால் வெடிக்குமா என்பதைத்தான். களஞ்சியத்தில் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். இழுத்தால் வெடிக்குமா? இழுக்காவிட்டால் வெடிக்காமல் இருக்குமா? வெடித்தால் எல்லாம் முன்பக்கமாக மட்டும் போகுமா? பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது. விலை மலிந்த துவக்குகள் பெரும்பாலும் தவறுவதும் அங்கேதான்.

விலையை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதில் உங்கள் மருமகன் சொல்வது பாதி சரி. பிரேசிலின் டோரஸ் நிறுவனம் மலிவான பிஸ்டலுக்குப் பெயர் போனது. அவர்களுடைய ஒன்பது மாதிரிகள் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், 2015இல் இணக்கத்துக்கு வந்தார்கள். சரி, மலிவுதான் காரணம் என்று நினைப்போம். ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள சிக் சவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலிலும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று பேச்சு எழுந்து, 2017 ஆவணியில் நிறுவனமே பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துத் துவக்கை எடைபோடுவது சரியில்லை. கையில் இருக்கிற அந்த ஒரு துவக்கைத்தான் சோதிக்கவேண்டும், வீட்டில் போட்டு வைக்கப்போகிற அதே வகை ரவையால்.

50 ரவை அடித்து இறுகவில்லை என்பது காணுமா? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு தவறும் இல்லாமல் அடித்து முடித்த ரவைகளின் எண்ணிக்கையால் மூன்றைப் பிரியுங்கள். வருகிற விடை, அந்தத் துவக்கு தவறக்கூடிய வீதத்தின் மேல் எல்லை, ஏறத்தாழ 95 வீத நிச்சயத்தோடு. 50 ரவைக்கு அது நூற்றுக்கு ஆறு. அதாவது 50 ரவையும் வடிவாக வெடித்தபிறகும், அந்தப் பிஸ்டல் நூறு தரத்தில் ஆறு தரம் கைவிடக்கூடியதாக இருக்கலாம், நீங்கள் பார்த்த வீடியோவில் அது தெரியவராது. 200 ரவை அடித்தால் எல்லை ஒன்றரை. பயிற்றுநர்கள் 200 என்ற எண்ணை அடிக்கடி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றாலும், அதுவும் முழு நிச்சயம் இல்லை. மலிவான பிஸ்டல் வாங்கி மிஞ்சின காசை ரவைக்குச் செலவழித்துச் சோதிப்பவர், விலை கூடின பிஸ்டலை வாங்கி அலுமாரியில் வைப்பவரைவிட நல்ல இடத்தில் இருக்கிறார். இதை மருமகனுக்குச் சொல்லுங்கள்.

அவர் பார்க்கவேண்டிய இன்னும் சில. இறுகல் வந்தால் முதலில் ரவை அடுக்குகிற மகசினைச் சந்தேகிக்கவேண்டும். அதன் மேல் உதடு ஒரு மயிரிழை வளைந்தாலும் ரவை கோணலாக ஏறும். ஒவ்வொரு மகசினுக்கும் இலக்கம் போட்டு, எது எப்போது இறுகியது என்று எழுதிவைத்தால் குற்றவாளி தானாகத் தெரியும். அடுத்தது கை. தானியங்கிப் பிஸ்டலின் மேற்பகுதி பின்னால் ஓடிவர, பிடி உறுதியாக நிற்கவேண்டும். மணிக்கட்டுத் தளர்ந்தால் வெறுங்கூடு வெளியே பறக்காமல் இடையில் மாட்டும். மருமகன் சூட்டுக்கூடத்தில் நிதானமாக இரண்டு கையாலும் அடித்திருப்பார். நித்திரையால் எழும்பி, ஒரு கையில் ரோச் லைற்றோடு, நெஞ்சு படபடக்க அடிக்கிறபோதும் அது ஓடுமா என்று பார்க்கவேண்டும். முனை குழிந்த சன்னம் போட்ட ரவை, உருண்டை முனை ரவை ஏறுகிற மாதிரியே எல்லாப் பிஸ்டலிலும் ஏறாது. பயிற்சிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தால் வீட்டு ரவையையும் அடித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். அவருக்கு அங்கே நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறதா? தற்காலிக விசாவில் இருப்பவர்களும் சட்டபூர்வ வதிவிடம் இல்லாதவர்களும் அமெரிக்க மத்திய சட்டப்படி பெரும்பாலும் துவக்கோ ரவையோ வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில. எங்கள் பிள்ளைகள் கூட்டாளியோடு போய் விளையாட்டாக வாங்கிவிட்டு, பிறகு வதிவிடத்தையே இழக்கும் நிலைக்கு வரக்கூடாது.

இனி முத்தையன்கட்டுக்கு வருவோம். மருமகனால் 200 ரவை அடிக்க முடியும். கடையில் வாங்கலாம், சூட்டுக்கூடத்தில் அடிக்கலாம், பிழை வந்தால் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பலாம். உங்களுக்குத் தருவதாகச் சொல்வது ஆறு ரவை. ஆறையும் அடித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு மேற்சொன்ன எளிய கணக்குச் சரிவராது, முழுக் கணக்குப் பார்த்தாலும் நூற்றுக்கு நாற்பது வரை தவறக்கூடும் என்பதுதான் விடை. அடிக்காமல் வைத்தால் ஒன்றுமே தெரியாது. வயல்வெளியில் ஒரு வெடி கேட்டால் ஒட்டுசுட்டான் வரை கதை போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். களவாக வைத்திருக்கிற ஆயுதத்தைச் சோதிக்க வழியே இல்லை. சோதிக்க முடியாததை உங்கள் பிள்ளைகளின் உயிருக்குக் காவலாக எப்படி வைப்பீர்கள்?

சீனப் பிஸ்டல் என்று எங்கள் பக்கம் சொல்வது பெரும்பாலும் 54ஆம் வகை. சோவியத் ரி.ரி.33 பிஸ்டலைப் பார்த்துச் செய்தது. மூலவடிவில் அதற்குக் கையால் பூட்டுகிற பாதுகாப்புத் தடையே கிடையாது. சுத்தியலைப் பாதியில் நிறுத்துகிற ஒரு வெட்டுத்தான் பாதுகாப்பு. புதிதாக இருக்கும்போதே, குழலின் அடியில் ரவை உட்காருகிற அறையில் ரவையோடு அதை அப்படி வைத்திருப்பதை நாங்கள் விரும்புவதில்லை. பல கை மாறி, கண்டபடி கழற்றிப் பூட்டி, அந்த வெட்டுத் தேய்ந்துபோனால், மேசையில் இருந்து நிலத்தில் விழுவதே போதும். நான் சொன்ன இரண்டாவது கேள்விக்கு அது கொடுக்கிற பதில் இதுதான்.

ரவையைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். 2009இல் போர் முடிந்தபிறகு வன்னி மண்ணுக்குள் என்னென்ன புதைந்து கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாரியும் தண்ணீர் ஊறி, ஒவ்வொரு கோடையும் வெந்து கிடந்த ரவையின் வெளிப்பக்கத்தைத் துணியால் மினுக்கலாம். உள்ளே மருந்தும், அடியில் இருக்கிற தீமூட்டியும் என்ன நிலையில் இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ரவை மூன்று விதமாகக் கெடுதல் செய்யும். ஒன்று, வெடிக்காது. இரண்டு, விசை இழுத்துச் சில விநாடி கழித்து, "ஏன் வெடிக்கவில்லை" என்று நீங்கள் திருப்பிப் பார்க்கிறபோது வெடிக்கும். மூன்றாவதுதான் மோசம். மருந்து அரைகுறையாக எரிந்து, சன்னம் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் சின்னதாக இருக்கும், பதற்றத்தில் கவனிக்கமாட்டீர்கள். அடுத்த ரவையை அடித்தால் குழல் உங்கள் கையில் வெடிக்கும்.

இலங்கைச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், நீங்கள் அதை வெடித்திருக்கத் தேவையில்லை. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று முறைப்படி அனுமதி பெற்றவர்களிடமே 2024 நவம்பரில் ஆயுதங்களைத் தற்காலிகமாகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. அனுமதி உள்ளவர்களின் நிலையே அது. அதோடு, அந்தப் பிஸ்டலுக்கு ஒரு முற்பிறப்பு இருக்கிறது. எந்தக் கொள்ளையில், எந்தக் கொலையில் அது பாவிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. சன்னத்திலும் கூட்டிலும் விழுகிற கீறல்களை ஒப்பிட்டு, இந்தத் துவக்கால்தான் சுட்டது என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் சொல்வார்கள். எங்கோ நடந்த குற்றத்துக்கான துவக்கு உங்கள் வீட்டு அலுமாரியில் எடுபட்டால், உங்கள் மனைவி எந்த நீதிமன்ற வாசலில் போய் நிற்பது?

தண்ணீர்க் குழாயை வைத்து ஊரில் செய்கிற இடியன் துவக்குப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பிஸ்டல் வேண்டாம் என்றால் அடுத்து அதைத்தான் யாராவது காட்டுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உங்கள் பம்பில் இருந்து வயலுக்குப் போகிற குழாயில் உள்ள அழுத்தம், 'பார்' என்ற அலகில் அளந்தால், சில பார்தான். ஒரு பன்னிரண்டாம் நம்பர்த் தோட்டா வெடிக்கும்போது அறையில் 700 பார் அளவுக்கு எழும்பலாம். 9 மி.மீ. பிஸ்டல் ரவையில் அதற்கும் மூன்று மடங்கு. தண்ணீருக்கென்று செய்த இரும்பு அதைத் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பத்துத் தரம் தாங்கியது என்பதும் உறுதி இல்லை. ஒவ்வொரு வெடியிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளர்ந்துகொண்டுதான் போகும். விரல் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு கண் போனவரையும்.

கட்டுத்துவக்கைப் பற்றிக் கதைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அது யாருக்கும் காவல் இல்லை. கம்பியில் பட்டது பன்றியா, விறகுக்குப் போன மனுசியா, மாடு தேடி வந்த பெடியனா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே அடிபடும், எலும்பு நொருங்கும், காட்டுக்குள் இருந்து ஆளைத் தூக்கிவரவே மணித்தியாலங்கள் ஆகும். மாங்குளம் பக்கத்தில் ஒரு வழக்குக்காக அப்படி ஒரு துவக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அதைக் கட்டினவருடைய மகனின் காலைத்தான் அது எடுத்திருந்தது. பக்கத்துக் காணிக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், பொலிசுக்கு அறிவிக்கத் தயங்கவும் வேண்டாம்.

மாமனாரின் ஒற்றைக்குழல் துவக்கு நல்ல செய்தி. ஆனால் அனுமதி அவருடைய பெயரில்தான். உங்கள் வீட்டுக்கு இரவல் வாங்கிவருவது சட்டப்படி அவரையும் உங்களையும் ஒன்றாகச் சிக்கலில் மாட்டிவிடும். அந்தத் துவக்கை அவரை வைத்துக்கொண்டே பார்க்கவேண்டும்.

முதலில் ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பி, முறித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்துங்கள். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். குளவி கூடு கட்டியிருந்தாலே குழல் வெடிக்கக் காணும், மூன்று வருடம் சாத்தி வைத்த துவக்கில் அது அபூர்வமான விசயம் இல்லை. நிழல் வளையம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது நெளிவோ வீக்கமோ. அத்தோடு அந்தத் துவக்கின் கதை முடிந்தது. மூடிப் பிடித்து, குழலையும் பிடியையும் இரண்டு கையால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பூட்டுத் தேய்ந்துவிட்டது. வெறும் துவக்கில் சுத்தியலை இழுத்து வைத்து, விசையைத் தொடாமல், அடிப்பிடியை உள்ளங்கையால் தட்டுங்கள். சுத்தியல் விழுந்தால் அந்தத் துவக்கைத் திருத்தாமல் தோட்டா போடக்கூடாது.

பிறகு குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளைப் பாருங்கள். எங்கள் நாட்டுப் பழைய துவக்குகளில் பல பர்மிங்ஹாமில் செய்தவை. அங்கே 1813இல் தொடங்கிய சோதனைச் சாலை, கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்துத் தாங்கினால்தான் முத்திரை குத்தும். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டரை அங்குலம் என்று அறையின் நீளம் இருந்தால் கவனம். இப்போது விற்கிற தோட்டாக்களில் பெரும்பாலானவை இரண்டேமுக்கால் அங்குலம், 70 மி.மீ. வெடிக்க முன்னர் அதன் வாய் மடித்திருப்பதால் சின்ன அறைக்குள்ளும் வடிவாகப் போய் உட்காரும். "போகுதுதானே" என்று ஆட்கள் ஏமாறுவது இதில்தான். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து குழலின் கழுத்தை அடைத்து, அழுத்தம் ஏறும். அதேபோல இருபதாம் நம்பர்த் தோட்டா ஒன்று கலந்து கிடக்கிறதா என்றும் பெட்டியைக் கிளறுங்கள். அது பன்னிரண்டின் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் நிற்கும், அறை வெறுமை என்று நினைத்து இன்னொன்றைப் போடுவீர்கள். இதற்காகவே அநேக நாடுகளில் இருபதை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

மாமனார் எந்த எண்ணெய் போடுகிறார் என்றும் கேளுங்கள். தேங்காய் எண்ணெய் என்றால் அன்போடு மறித்துவிடுங்கள். அது 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழியில் எங்கள் பக்கத்து விடியப்புறம் அதைவிடக் குளிர். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கிற ஊசியைச் சுற்றி உறைந்த எண்ணெய் அடியை மெதுவாக்க, தோட்டாவின் அடியில் ஒரு பள்ளம் மட்டும் விழும், வெடிக்காது. தையல் மெசின் எண்ணெய், அதுவும் ஒரு துளி, போதும்.

இவ்வளவும் சரியென்றாலும் அது பயிருக்குக் காவலான துவக்கு. உங்கள் பெயரில் ஒன்று வேண்டுமென்றால் கிராம அலுவலரின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றோடும் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வழியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். நாளாகும். இரவல் வேண்டாம், விண்ணப்பம் போடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அதுவரைக்கும் வீட்டுக் காவல்? உங்கள் நாய் ஏற்கெனவே தன் வேலையைச் செய்திருக்கிறது. வேலியோரம் அசைவுக்கு எரிகிற சோலர் லைற் இரண்டு போடுங்கள். அறையின் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டு, நாய் குரைத்தால் நாலு பேரும் அந்த ஓர் அறைக்குள் போய்ப் பூட்டுவது என்று பிள்ளைகளோடு கதைத்து வையுங்கள். வெளியே போய்ப் பார்க்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். உள்ளிருந்து 119க்கும் பக்கத்து நாலு வீட்டுக்கும் போன் போகட்டும். தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் அது ஆபத்தின் அளவுக்கு மேல் போக இடம் தராது. வேலிக்கு அப்பால் நிற்கிறவரைச் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது. இருட்டில் நின்ற அந்த இரண்டு பேரும் யார் என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாதுதானே, தம்பி. தெரிந்த வீட்டுப் பெடியள் முயலுக்கு வந்து நின்றிருந்தால்?

பம்பு களவுபோனதற்குப் பொலிசில் முறைப்பாடு போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடாவிட்டால் நாளைக்கே போய்ப் போடுங்கள். பம்பு வாங்கிய பற்றுச்சீட்டில் இயந்திர இலக்கம் இருக்கும், அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தரம் ஆட்கள் வந்து நின்றதையும் அதே புத்தகத்தில் பதியச் செய்து, இலக்கத்தை வாங்கி வையுங்கள். பிறகு விண்ணப்பம் போடும்போது உங்கள் பயத்துக்குக் கையில் இருக்கிற சாட்சி அதுதான். பிஸ்டல்காரர் திரும்ப வந்தால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பார்க்கத்தானே என்று அவர் நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள்.